பதினொன்றாம் மெஷினின் பொட்டு

செப்டம்பர் 22, திங்கள்

பம்ப் மோட்டார் பகுதியின் பதினான்கு மெஷின்களையும் அவற்றில் வேலை செய்பவர்களையும் இனிக் கணினித் திரை கண்காணிக்கும். காலைக் கூட்டத்தில் மேலாளர் ரகோத்தமன் இதை உறுதி செய்தார். வியாழக்கிழமை தொடக்கம். மெஷின்களில் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கர்கள் வந்துவிட்டன. திரை நாளை வரும் என்கிறார்கள்.

இதுவரை இருந்த முறையை எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துவிடும். காலையில் சாக்பீஸோடு ஒரு சுற்று வருவேன். எந்த மெஷின் ஓடுகிறது, யார் நிற்கிறார்கள், டிராலியில் எத்தனை மோட்டார் பாடிகள் துளை குடைந்து முடிந்திருக்கின்றன என்று பார்த்து, டிராலியின் பக்கவாட்டில் எழுதுவேன். மதியம் இன்னொரு சுற்று. ஓடாமல் நிற்கும் மெஷின் மேல் கையை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். குளிர்ந்திருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

"இனிமே நீங்க நடக்க வேண்டாம் சியாமளா. உக்காந்த எடத்துல எல்லாம் தெரியும்" என்றார் ரகோத்தமன். இது ஒழுங்காக நடந்தால் தீபாவளிக்குப் பிறகு என்னை நிரந்தரமாக்குவதாகவும் சொன்னார். வாய்மொழிதான். நான்கு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கிறேன்.

வீட்டில் கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. இட்லிக்கு மாவு கடையில் வாங்கினேன்.

செப்டம்பர் 24, புதன்

எல்லா மெஷின்களுக்கும் ஸ்டிக்கர் ஒட்டி முடித்தேன். முன்கதவில், நெஞ்சு உயரத்தில். தகடு அங்கேதான் சமமாக இருக்கிறது, எதுவும் மறைப்பதில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்.

முறை எளிது. காலையில் ஆள் தன் மெஷினின் ஸ்டிக்கரையும் அடையாள அட்டையையும் ஸ்கேனரில் காட்ட வேண்டும். அதன்பின் ஒவ்வொரு பாடி முடிந்ததும் மெஷினின் ஸ்டிக்கரை ஒரு தடவை காட்டினால் போதும். அந்த மெஷினில் யார் பெயர் இருக்கிறதோ அவர் கணக்கில் ஏறும். பதினொன்றும் பன்னிரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே வேலையைச் செய்வதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரு டிராலி, ஒரு ஸ்கேனர்.

பதினொன்றை ஓட்டுகிறவர் வெள்ளிங்கிரி. வயது நாற்பத்தெட்டு. நான் ஒட்டுவதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங் அம்மிணி, மிசினுக்கு நெத்தீல ஒட்டறீங்க?"

"அங்கதானுங்க சமமா இருக்குது."

பன்னிரண்டை ஓட்டும் அமலதாஸ் சிரித்தான். "ஆதார் கார்டு குடுக்கறாங்கண்ணா. இனிமே உங்க மிசினுக்கும் ரேசன்ல சக்கரை உண்டு."

"உன்ற மிசினுக்கு மொதல்ல எண்ணெய ஊத்துடா. கத்துது, ஊரே கேக்குது."

வெள்ளிங்கிரியின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. போன கார்த்திகையில் இதே மெஷினில் போயின. கதவு திறந்திருந்தால் மெஷின் நின்றுவிட வேண்டும், அன்று நிற்கவில்லை. சுவிட்ச் பழுது என்று விசாரணையில் முடிவானது. ஆட்டோவில் உடன் போனது நான். ஐஸ் டப்பா என் மடியில் இருந்தது. குணமாகி வந்ததும் அவரைப் பதினொன்றிலேயே வைத்துக்கொள்வதாக ரகோத்தமன் எல்லோர் முன்னாலும் சொன்னார். அதுவும் வாய்மொழி.

செப்டம்பர் 25, வியாழன்

திரை வேலை செய்கிறது. மெஷினில் ஆள் பதிவானால் ஓடுவதாகப் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. மாலை வரை பதினான்கும் பச்சை.

செப்டம்பர் 30, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை விடுமுறை என்பதால் பூஜை இன்று மதியமே முடிந்தது. காலையிலிருந்து யாரும் உற்பத்தியைப் பார்க்கவில்லை. மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட் துணியுமாகத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு மெஷினுக்கும் வாழைக்கன்று, மாலை. கதவில் சந்தனத்தை விரலால் இழுத்து நடுவில் குங்குமம்.

வெள்ளிங்கிரி சந்தனத்தைத் தானே குழைத்தார். உள்ளங்கை அகலத்துக்குத் தடிமனாக அப்பி, நடுவில் கட்டைவிரலால் குங்குமம் வைத்து, கொஞ்ச நேரம் அந்த விரலை எடுக்காமல் நின்றார். போன வருடம் பூஜையன்று அவர் தங்கை வீட்டுத் துக்கத்துக்குப் போயிருந்தார். பதினொன்றுக்கு யாரும் பொட்டு வைக்கவில்லை. ஒன்றரை மாதத்தில் விபத்து. காரணம் சுவிட்ச்தான் என்பதை அவரும் ஒப்புக்கொள்கிறார்.

"இந்தப் பன்னெண்டுக்கும் ஒண்ணு வெய்யுங்கண்ணா, கோவிச்சுக்கும்" என்றான் அமலதாஸ். கீழ் மூலையில் சின்னதாக வைத்தார். "உன்ற மாதாவுக்குத் தெரிய வேண்டாம்."

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்கண்ணா, இந்த மிசினுதான் கோவிச்சுக்கும்."

பூசணிக்காய் உடைத்தார்கள். பொரி, கடலை, ஆளுக்கு ஒரு பை.

கிளம்பும்போது ரகோத்தமன் கூப்பிட்டார். விடுமுறை முடிந்ததும் அரசூரில் உள்ள இரண்டாவது யூனிட்டில் இதே ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். பத்து நாள் அங்கே. இங்கத்திய நிலவரத்தை அங்கிருந்தே திரையில் பார்த்து அறிக்கை அனுப்பலாம்.

அக்டோபர் 3, வெள்ளி

கணபதியில் உள்ள எங்கள் யூனிட்டில் பதின்மூன்று பச்சை. பதினொன்று சிவப்பு. ஆதாரம்: திரை. விடுமுறைக்கு மறுநாள் எல்லா இடத்திலும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும்.

அரசூருக்கு இரண்டு பஸ். கூட்டம்.

அக்டோபர் 6, திங்கள்

பதினொன்று சிவப்பு. வெள்ளிங்கிரியின் பெயர் கேட்டில் வருகைப் பதிவில் இருக்கிறது. எந்த மெஷினிலும் இல்லை.

ஷிப்ட் சூப்பர்வைசருக்குப் போன் செய்தேன். "ஆள் வந்திருக்காப்ல. மிசினுக்கு என்னன்னு பாத்துட்டுச் சொல்றேன் மேடம்" என்றார். சொல்லவில்லை. மறுபடி போன் செய்ய நினைத்தேன். இங்கே ஸ்டிக்கர் பிரிண்டர் மக்கர் செய்தது.

அக்டோபர் 8, புதன்

பன்னிரண்டாம் மெஷினில் இதுவரை இல்லாத உற்பத்தி. வழக்கத்தைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ரகோத்தமன் போனில் சொன்னார், குரலில் சந்தோஷம். அமலதாஸின் போட்டோவை ஆபீஸ் வாசலில் ஒட்டச் சொல்லியிருக்கிறார். மற்ற மெஷின்காரர்களிடம், "அவனால முடியறது உங்களால ஏன் முடியல?" என்று கேட்டாராம்.

பதினொன்று சிவப்பு.

அக்டோபர் 10, வெள்ளி

வார அறிக்கை அனுப்பினேன். பன்னிரண்டு: மிக நன்று. பதினொன்று: ஓடவில்லை. கீழே ஒரு வரி சேர்த்தேன்: "காரணம் நேரில் உறுதி செய்யப்படவில்லை." அனுப்புவதற்கு முன் அந்த வரியை எடுத்துவிட்டேன். அறிக்கை ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

அம்மாவுக்கு மூட்டு வலி. தைலம் வாங்க வேண்டும்.

அக்டோபர் 13, திங்கள்

பதினொன்றாம் மெஷினை விற்பதென்று முடிவாகியிருக்கிறது. ராஜ்கோட்டில் ஒருவர் வாங்குகிறார். தீபாவளி விடுமுறை முடிந்து திறக்கும் நாளில் லாரி வரும். வெள்ளிங்கிரிக்கு அதே நாளிலிருந்து அரசூரில் வார்ப்பு சுத்தம் செய்யும் பகுதியில் வேலை. சொன்னவர் ரகோத்தமன். "உங்க ரிப்போர்ட்டைத்தான் ஹெட் ஆபீசுக்கு அனுப்பினேன். தெளிவா இருக்குன்னாங்க" என்றார்.

அந்தப் பகுதி நான் உட்கார்ந்திருக்கும் அறைக்கு நேர் எதிரே. புதிதாக வார்த்த இரும்பின் பிசிறைக் கை கிரைண்டரால் தேய்த்து எடுப்பார்கள். கிரைண்டர் உதறும். இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். மதியம் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாளை கணபதிக்குத் திரும்புகிறேன். இங்கே வேலை ஒரு நாள் பாக்கி இருக்கிறது. அதை அங்கிருந்தே செய்யலாம்.

அக்டோபர் 14, செவ்வாய்

பதினொன்று ஓடுகிறது. நேரில் பார்த்தேன்.

அக்டோபர் 15, புதன்

கிரைண்டருக்குப் புது பெல்ட் போட்டாகிவிட்டது. குழாயில் தண்ணீர் வந்தது, எல்லாக் குடத்திலும் பிடித்து வைத்தேன். அம்மாவுக்குத் தைலம்.

நேற்று எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். காலையில் நான் போனபோது பதினொன்றின் கதவுக்குப் பின்னால் பாடி சுழன்றுகொண்டிருந்தது. கதவில் சந்தனம் காய்ந்து ஓரங்களில் வெடித்திருந்தது. அதன் அடியில் ஸ்டிக்கர். மற்ற மெஷின்களில் விடுமுறை முடிந்து வந்ததுமே ஸ்டிக்கர் இருந்த இடத்தை மட்டும் துடைத்திருக்கிறார்கள். பதினொன்றில் யாரும் கை வைக்கவில்லை.

"ஸ்கேனரு எடுக்கலீங் அம்மிணி" என்றார் வெள்ளிங்கிரி. "தொடைங்கன்னாங்க. என்ற கையால வெச்சத நானே தொடைக்கறதா? தானா உதுரட்டும்னு உட்டுட்டனுங்க."

"அப்ப பீஸ் கணக்கு?"

"பக்கத்து மிசின்ல காட்டறனுங்க. டிராலி ஒண்ணுதானுங்களே? பீசு போயிச் சேந்தாச் சரிதான?"

அமலதாஸ் தலையைச் சொறிந்தான். "நானும் அப்பிடித்தான் நெனச்சேன் மேடம். பாத்தா ஆபீசுல என்ற போட்டோவ ஒட்டீட்டாங்க. ஊட்டுக்காரி போன்ல அதைப் பாத்துட்டு மீன் கொழம்பு வெச்சுட்டா. கொழம்பைச் சாப்ட்டதுக்கப்பறம் எப்பிடிங்க சொல்றது?"

"சூப்பர்வைசர் கிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னனுங்" என்றார் வெள்ளிங்கிரி. "மாத்தி அனுப்பறாங்கன்னு காயிதம் குடுத்தப்பவே சொன்னேன், மிசினு ஓடுதுங்க வந்து பாருங்கன்னு. அவரு ஓடறதப் பாக்கறாரு, டிவில செவப்பப் பாக்கறாரு. 'நான் என்னப்பா பண்ணட்டும், மேல அப்பிடி எழுதிப் போயிருச்சு'ங்கறாரு."

கையை விரித்துக் காட்டினார். மூன்று விரல்கள். "கிரைண்டர இது புடிக்காதுங் அம்மிணி. அவிங்களுக்குந் தெரியும். ஒரு வாரம் பாப்பாங்க. அப்பறம் நானே நின்னுக்கறேன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவேன். இன்னும் ஊட்டுல சொல்லலீங்க."

பிறகு கேட்டார்: "மிசினு ஓடலைன்னு யாருங்க எழுதுனது?"

திரையில் அப்படித்தான் இருந்தது என்று சொன்னேன்.

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பாடியை மாட்டப் போனார்.

அக்டோபர் 16, வியாழன்

ரகோத்தமனிடம் காலையில் தெரிவித்தேன். கேட்டுக்கொண்டே ஜன்னல் பக்கம் போனார்.

"ஒரு பொட்டு" என்றார். "துடைச்சிருந்தா முடிஞ்சிருக்கும்."

"ஆமாங்க சார்."

"இப்ப வந்து சொல்றீங்களே? நாளைக்கு சென்னையில இருந்து ஆள் வர்றான், பன்னெண்டு எப்படி அவ்வளவு ஓட்டுதுன்னு வீடியோ எடுக்க. எல்லா யூனிட்டுக்கும் காட்டப்போறாங்களாம். எம்.டி. கிட்ட நானே போன் பண்ணிச் சொன்னது. இப்ப போயி சார், அது ரெண்டு மெஷின் சார்னு சொல்லவா?"

ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"வெள்ளிங்கிரிய நான் பாத்துக்கறேன். தீபாவளி முடியட்டும். அரசூர்ல கேட்டுல வாட்ச்மேனா எதாவது பாக்கலாம். உங்க விஷயமும் இதுலதான் இருக்கு சியாமளா. யோசிங்க."

சரிங்க சார் என்றேன். எதற்குச் சரி என்று அவர் கேட்கவில்லை.

அக்டோபர் 17, வெள்ளி

பதினொன்றாம் மெஷின் ஒரு நாளும் நின்றதில்லை. இதைத் தலைமை அலுவலகத்தின் பொறியாளர் பிரணவ் இன்று தன் கண்ணால் பார்த்து உறுதி செய்தார். நடந்தது இது.

பிரணவுக்கு முப்பது வயது இருக்கும். நல்ல பையன். வந்ததும் எல்லோருக்கும் கை கொடுத்தார். போனை ஒரு குச்சியில் மாட்டி அமலதாஸின் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அண்ணா, உங்க டெக்னிக் என்ன? சும்மா கேஷுவலா சொல்லுங்க."

"டெக்னிக்கெல்லாம் ஒண்ணும் இல்லீங் சார்." அமலதாஸுக்கு வேர்த்திருந்தது. புதுச் சட்டை. "சாமி புண்ணியம்."

"எந்த சாமிண்ணா?"

"பக்கத்து மிசின் சாமிங்."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். பிரணவும் சிரித்தார், புரியாமல். "இல்லண்ணா, சீரியஸா. டூலை மாத்தினீங்களா? பாடியை மாட்டறதுல ஏதாவது ட்ரிக்கா? பாதி நேரத்துல எப்படி முடியுது?"

அமலதாஸ் ரகோத்தமனைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தான். "மேடம் சொல்லுவாங்க சார்."

குச்சியும் போனும் என் பக்கம் திரும்பின. வெள்ளிங்கிரி திரும்பவில்லை. பதினொன்றில் பாடி சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அமலதாஸ், பன்னிரண்டை நிறுத்துங்க" என்றேன்.

நிறுத்தினான். சுழற்சி ஓயச் சற்று நேரமாயிற்று. அதன் சத்தம் போனபின் பதினொன்றின் சத்தம் மட்டும் இருந்தது. அதுவும் தன் வேலை முடிந்து நின்றது. வெள்ளிங்கிரி கதவைத் திறந்தார். பாடியை இரண்டு கைகளாலும் அணைத்து எடுத்து, துளைக்குள் விரல் விட்டுத் தடவிப் பார்த்து, டிராலியில் வைத்தார். ஸ்கேனரை எடுத்தார். எட்டிப் பன்னிரண்டின் ஸ்டிக்கரில் காட்டினார். பீப் என்றது.

மேலே திரையில் பன்னிரண்டின் எண்ணிக்கை ஒன்று கூடியது.

பிரணவ் போனைத் தாழ்த்தினார். நின்றிருந்த பன்னிரண்டைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "மெஷின் ஓடல. ஆனா கவுன்ட் ஏறுதே?"

"அது என்றதுங் சார்" என்றார் வெள்ளிங்கிரி.

பிரணவ் விவரம் கேட்டார். அமலதாஸ் எல்லாவற்றையும் சொன்னான், மீன் குழம்பு உட்பட. பிரணவ் ஒரு துண்டு பனியன் வேஸ்ட்டை எடுத்துக்கொண்டு பதினொன்றின் கதவருகே போனார். அதைத் துடைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைத்திருக்க வேண்டும், தப்பில்லை. வெள்ளிங்கிரி இடது கையால் அந்தத் துணியைப் பிடித்தார். இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார்.

"வேண்டாமுங் சார்."

பிரணவ் அந்தக் கையைப் பார்த்தார். துணியை விட்டுவிட்டார்.

என் மேஜையில் பதினொன்றின் பேரில் மிச்சமிருந்த ஸ்டிக்கர் ஒன்றைக் கொண்டுவந்தேன். மெஷினின் பக்கவாட்டில், யாரும் சந்தனம் வைக்காத இடமாகப் பார்த்து ஒட்டினேன். முதல் நாளே அங்கே ஒட்டியிருக்கலாம். வெள்ளிங்கிரி அதையும் அடையாள அட்டையையும் ஸ்கேனரில் காட்டினார். சிவப்பு பச்சையானது.

நிறுத்தச் சொன்னது யார் என்று மாலையில் ரகோத்தமன் எல்லோர் முன்னாலும் கேட்டார். அவருக்குத் தெரியும். நான்தான் என்றேன். பத்தாம் தேதி அறிக்கையை எழுதியதும் நான்தான் என்பதையும் சொன்னேன். வெள்ளிங்கிரி அப்போது கை கழுவிக்கொண்டிருந்தார். கேட்டிருக்கும்.

அக்டோபர் 18, சனி

வெள்ளிங்கிரியின் இடமாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. சொன்னவர் பிரணவ், சென்னையிலிருந்து போனில். ரத்து அல்ல, நிறுத்தி வைப்பு. எழுத்தில் எதுவும் வரவில்லை. மெஷின் விற்பனை பற்றி எம்.டி.தான் முடிவு சொல்ல வேண்டும், அவர் ஊரில் இல்லை என்றார்.

திருத்திய அறிக்கையை அனுப்பினேன். இரண்டு பக்கம். பதினொன்றுக்கு எதிரே "நேரில் பார்த்தது" என்று எழுதினேன்.

அமலதாஸின் போட்டோவை ஆபீஸ் வாசலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவனே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான். "ஊட்டுல கேட்டா, ஈரத்துல உதுந்துருச்சுன்னு சொல்லிக்கறேன் மேடம்."

ரகோத்தமன் என்னிடம் பேசவில்லை. என் விஷயமாக யாரும் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மதியத்தோடு தீபாவளி விடுமுறை. எல்லோரும் போனபின் சாக்பீஸை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வந்தேன். யாரும் சொல்லவில்லை, பழக்கம். பதினொன்றின் அருகே வெள்ளிங்கிரி மட்டும் இருந்தார். தட்டில் சேர்ந்திருந்த இரும்புத் தூளைக் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

"லாரி வருமுங்களா அம்மிணி?"

"தெரியலீங்க. இன்னும் யாரும் வேண்டாம்னு சொல்லல."

"வந்தா, இந்தக் கதவு சுவிட்சு கொஞ்சம் ஒட்டும்னு அவிங்க கிட்டச் சொல்லோணும். ராஜ்கோட்டுல எவனுக்குத் தெரியப்போகுது."

சொல்லலாம் என்றேன். அவர் விளக்கை அணைக்கப் போனார். நான் பதினொன்றின் மேல் கையை வைத்தேன். இன்னும் சூடாகத்தான் இருந்தது. கதவில் சந்தனத்தின் ஒரு மூலை உதிர்ந்திருக்கிறது. குங்குமம் அப்படியே இருக்கிறது.

தெரிய வேண்டியது: எம்.டி.யின் முடிவு. 23, வியாழன், காலை பத்து மணிக்கு மேல் சொல்வதாக பிரணவ் கூறினார். லாரி அன்று எட்டு மணிக்கு. வெள்ளிங்கிரியின் ஷிப்ட் ஆறு மணிக்குத் தொடங்குகிறது. பதினொன்றாம் மெஷினுக்கே வருவதாகச் சொன்னார். நானும் ஆறு மணிக்கு வருகிறேன்.